வில்லாபுரத்துக்கு வழி கேட்ட குரல்

மேலத்தெரு, பேரையூர்
10 மார்ச் 2025

டீச்சரம்மாவுக்கு விருமாண்டி சொல்லி எழுதுவது.

எழுதுகிற கை தங்கப்பொண்ணுடையது. தபாலாபீசில் வேலை பார்க்கிறாள், எனக்குத் தம்பி மகள் முறை. நான் பேச்சாகச் சொல்ல, அவள் எழுத்தாக்குகிறாள். திரும்ப வாசிக்கச் சொன்னால் என் பேச்சுக்குச் சட்டை மாட்டிவிட்ட மாதிரி இருக்கிறது. ஆனாலும் ஒரு சொல் விட விடமாட்டேன். எனக்கு எழுத்துத்தான் தெரியாது, காதில் விழுந்தது போகாது.

இருபத்தொரு வருஷம் கழித்து எழுதுகிறேன். என் பையன் கல்யாணத்துக்கு ஆறு நாள் முன்னால், நீங்கள் தவிட்டுக்கு வாங்கியிருந்த அவனை வழக்கப்படி திருப்பி வாங்க வந்தேன். தர மாட்டேன் என்றீர்கள். கொண்டுவந்த ஒரு படி தவிட்டை உங்கள் வில்லாபுரத்து வாசலில் கொட்டிவிட்டு வந்தேன். அன்றைக்கு நீங்கள் பாக்கு நிறச் சேலை கட்டியிருந்தீர்கள். இடது கையில் சாக்பீஸ் தூள்.

விஷயத்துக்கு வருகிறேன். தீயணைப்பு நிலையத்தில் இருக்கிற பையன் மாதம் ஒருமுறை உங்கள் வீட்டுக்கு வருகிறான் என்பது எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருக்கிறேன். தை மாதம் ஒரு ஊரில் தாயும் மகளும் கிணற்றில் விழுந்துவிட்டார்கள். இவன் இறங்கி இரண்டு பேரையும் மேலே ஏற்றிவிட்டான். இவன் ஏறும்போது சுற்றுச்சுவர் அப்படியே சரிந்து மேலே விழுந்தது. நாலு டிராக்டர் கல். ஒரு மணி நேரம் கழித்து அவனே கல்லை விலக்கிக்கொண்டு வந்தான். உடம்பில் ஒரு கீறல் இல்லை. கூட வேலை பார்க்கும் அழகுபாண்டி என்னிடம் சிரித்தான்: "மாமா, உங்க மகனச் சாவு தேடிக்கிட்டுத்தான் அலையுது. வீடுதான் தெரியல போல." எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த ஊர்க்காரர்கள் ஒரு கண்ணாடிக் கேடயம் கொடுத்தார்கள். அதில் இங்கிலீஷில் ஒரே சொல். ரிடீமர். போனில் தமிழைப் போட்டு இங்கிலீஷை எடுத்தார்களாம். பையனைக் கேட்டால், "காப்பாத்துறவன்னு அர்த்தம்ப்பா, விடுங்க" என்கிறான். தங்கப்பொண்ணு அவள் போனில் பார்த்துவிட்டு, "பெரியப்பா, இதுல என்னமோ வாங்குறது குடுக்குறதுன்னு வருதே" என்றாள். எனக்குத் தெரிந்து இங்கிலீஷ் படித்தவர் நீங்கள் ஒருவர்தான். அந்தச் சொல் எங்கிருந்து வந்தது, என்ன அர்த்தம் என்று எழுத வேண்டும்.

போனில் கேட்கலாமே என்பீர்கள். நான் இப்போது குரலை நம்புவதில்லை. இந்த மாசியில் ஒரு வெள்ளி, உச்சி வெயிலில், என் பின்வாசலில் என் வீட்டுக்காரி மாயக்காள் குரல் கேட்டது. அவள் செத்து ஒன்பது வருஷம் ஆகிறது.

விருமாண்டி
(இடது பெருவிரல்)


வில்லாபுரம், மதுரை
18 மார்ச் 2025

விருமாண்டி அண்ணனுக்கு,

கிழிக்கவில்லை. கிழிக்கலாம் என்று எடுத்தேன், மாயக்காள் பெயரைப் பார்த்ததும் வைத்துவிட்டேன்.

சாக்பீஸ் தூள் வலது கையில்தான் இருந்திருக்கும். நான் வலது கையால் எழுதுகிறவள். தவிட்டைக் கொட்டியதை எழுதினீர்கள், கொட்டும்போது சொன்னதை எழுதவில்லையே. "பெத்திருந்தா தெரியும்" என்று தெருவே கேட்கச் சொன்னீர்கள். தவிட்டை அன்று மாலையே கூட்டிவிட்டேன். அதைக் கூட்ட முடியவில்லை.

கேட்டதற்குப் பதில். காப்பாற்றுகிறவருக்கு ஆங்கிலத்தில் பல சொற்கள் உண்டு. சேவ் என்பதன் வேர் லத்தீனில் 'பழுதில்லாமல், முழுசாக' என்பது. ரெஸ்க்யூ பழைய பிரெஞ்சு வழியாக வந்தது; பற்றியிருப்பதை உதறிவிடுவது என்று அதன் அடியில் பொருள். கிணற்றில் அவன் செய்தது இந்த இரண்டும்தான். ரிடீமர் வேறு. லத்தீனில் 'எமெரே' என்றால் வாங்குவது. அதன் முன்னால் 'திரும்ப' என்று ஓர் ஒட்டு. போரில் பிடிபட்டவனை, அடிமையாக விற்கப்பட்டவனை, உறவுக்காரன் ஒருவன் போய் விலை கொடுத்துத் திரும்ப வாங்கி வருவான். அவன்தான் ரிடீமர். ஆளைக் கடத்தியவன் கேட்கும் பணத்தை ரான்சம் என்கிறார்களே, அதுவும் இதே வேரில் முளைத்ததுதான். பிற்பாடு தேவாலயத்தில் கடவுளுக்கே அந்தப் பெயரை வைத்தார்கள், விலையாகத் தன்னையே கொடுத்தவர் என்று.

ஆக, கேடயம் ஆள் மாறிப் போயிருக்கிறது. ராகேஷ் வாங்கப்பட்டவன். திரும்ப வாங்க வந்து, வாசலோடு போனவர் நீங்கள்.

குரல் விஷயம்: உச்சி வெயிலில் படுத்தால் யார் குரல் வேண்டுமானாலும் கேட்கும். மோர் குடியுங்கள்.

சூடாமணி


பேரையூர்
25 மார்ச் 2025

டீச்சரம்மாவுக்கு,

இடது கைதான். வலது மணிக்கட்டில் கட்டுப் போட்டிருந்தீர்கள். பஸ்ஸில் இறங்கும்போது பிசகியது என்று முந்தின வாரம் பையன் சொன்னான். அந்த வாரம் முழுக்க இடது கையால்தான் கரும்பலகையில் எழுதியிருப்பீர்கள்.

நான் சொன்ன அந்தச் சொல்லுக்கு மன்னிப்புக் கேட்கிறேன். அன்று பஸ் ஏறப் பிடிக்காமல் பெரியார் நிலையம் வரைக்கும் நடந்தே போனேன். கேட்க இம்புட்டு வருஷம் ஆகிவிட்டது. தங்கப்பொண்ணு, இதை நல்ல எழுத்தாக எழுது.

மோர் குடித்தேன். இப்போது நான் சொல்வதைக் கேளுங்கள். பாதி உங்களுக்குத் தெரியும், பாதி தெரியாது.

எனக்கு முதலில் மூன்று பிள்ளைகள். மூத்தவளுக்கு ரெண்டரை வயசு. சித்திரை வெள்ளி, உச்சிப் பொழுது. நானும் மாயக்காளும் உள்ளே கம்மங்கூழ் குடித்துக்கொண்டிருந்தோம். பின்வாசலில் பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் சத்தம். மாயக்காள் குரல். மாயக்காள் என் எதிரே வாயில் கூழோடு உட்கார்ந்திருந்தாள். பிள்ளை "ஆ" என்று பதில் கொடுத்தது. அவ்வளவுதான். சாயங்காலம் காய்ச்சல், மூன்றாம் நாள் இல்லை. அடுத்த இரண்டும் அதே மாதிரி. வெள்ளி, உச்சி, அவள் குரல், ஒரு "ஆ".

நாலாவது பிறந்தபோது நீங்கள் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்து டீச்சர், அடுத்த வீடு. உங்கள் வீட்டுக்காரர் ஹரிராம் அண்ணன் சனிக்கிழமைதோறும் மதுரையில் இருந்து வருவார். பிள்ளை தங்காத வீட்டில் பிறந்ததைத் தவிட்டுக்கு விற்பது எங்கள் வழக்கம் என்று மாயக்காள்தான் உங்களிடம் சொன்னாள். பின்வாசலில் ஒரு படி தவிட்டைக் கொடுத்து வாங்கினீர்கள். தெருவைச் சுற்றி முன்வாசலில் வந்து, "என் பிள்ளைய வளத்துக் குடுங்க" என்று எங்கள் மடியில் போட்டீர்கள். வாங்கினவர் பெயர் வைக்க வேண்டும். ராகேஷ் என்றீர்கள். "ராகேசா? அது எந்த ஊருச் சாமி?" என்று தெருவே சிரித்தது.

நாலாம் மாதம் அது வந்தது. "விருமாண்டி பிள்ள இருக்கா?" என்று கேட்டது. மாயக்காள் அசையாமல், "விருமாண்டிக்குப் பிள்ள இல்ல. இது டீச்சர் பிள்ள" என்றாள். போய்விட்டது.

இனித்தான் உங்களுக்குத் தெரியாதது. மாசி வெள்ளியன்று நான் பின்வாசலுக்கு நேரே கட்டிலில் கண்ணயர்ந்திருந்தேன். மாயக்காள் குரல் கேட்டது: "பிள்ளய வாங்கினவ எங்க இருக்கா?" கனவு மாதிரி இருந்தது. வழி கேட்ட யாருக்கும் நான் இல்லை என்று சொன்னதில்லை. எழுபத்தொன்பது வருஷப் பழக்கம் வாயில் நிற்கிறது. "வில்லாபுரத்துல" என்றேன்.

சொன்ன பிறகுதான் விழித்தேன். காயப்போட்ட மிளகாய் வத்தல் கலையாமல் கிடந்தது. ஆள் இல்லை.

அதனால்தான் எழுதினேன். அது உங்களிடம் வரும் முன்னால் பையனை எனக்குத் திருப்பி விற்றுவிடுங்கள். வாங்கினவர் விற்காமல் போய்ச் சேர்ந்தால் பிள்ளையும் கூடப் போகும். அதுதான் இந்த வழக்கத்தின் கட்டு.

இன்னொன்று. நான் அவனைக் கூப்பிடும் பெயர் ஒன்று உண்டு. உங்களுக்கும் தெரியும். அதை இதில் எழுத விடவில்லை. நீங்களும் எழுத வேண்டாம்.

விருமாண்டி
(இடது பெருவிரல்)


வில்லாபுரம்
15 ஏப்ரல் 2025

விருமாண்டி அண்ணனுக்கு,

இடது கை. நீங்கள் சொன்னது சரி. பழைய எக்ஸ்ரே ஒன்று அலமாரியில் கிடைத்தது.

அது வந்துவிட்டது.

மார்ச் 28, வெள்ளி. கிரில் கதவுக்கு வெளியே எங்கள் வீட்டுக்காரர் குரல். எங்கள் வீட்டுப் பேச்சான சௌராஷ்டிரத்தில், அவருக்கே உரிய அந்த இழுப்போடு, "அந்தப் பிள்ளை உன்னுடையதா?" என்று கேட்டது. அவர் போய்ப் பதினோரு வருஷம். நான் சமையலறையில் கரண்டியைப் பிடித்தபடி நின்றேன், வாயைத் திறக்கவில்லை. என் காதுதான் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். மாடி வீட்டு வித்யாஸ்ரீ இறங்கி வந்து, "ஆன்ட்டி, அங்கிளோட பழைய வீடியோ ஏதாவது போட்டீங்களா? அப்படியே இருந்துச்சு" என்றாள். அதற்குப் பிறகு இரண்டு வெள்ளியும் வந்தது.

எனவே நானும் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். 2004-இல் நீங்கள் தவிட்டோடு வந்ததற்கு முந்தின நாள், முதல் பஸ்ஸில் மாயக்காள் தனியாக வந்தாள். முகம் வீங்கியிருந்தது. "டீச்சர், நாளைக்கி அவுக வருவாக. குடுத்துறாதீங்க. அது இன்னும் போகல. வெள்ளிக்கெழம தவறாம வந்து கேக்குது. நானும் டீச்சர் பிள்ளன்னு சொல்லிச் சொல்லி அனுப்பிக்கிட்டு இருக்கேன். அவுககிட்டச் சொன்னா சோறு எறங்காது, சொல்லாதீங்க" என்றாள். என் கையில் அடித்துச் சத்தியம் வாங்கினாள்.

பிள்ளை ஆசையில் தர மறுத்தேன் என்று நினைத்தீர்கள். ஆசை இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதற்காக மறுக்கவில்லை.

இப்போது என் நிலை. நெஞ்சில் அடைப்பு. ஆபரேஷன் செய்ய வேண்டும், செய்தாலும் உறுதி சொல்ல முடியாது என்கிறார் டாக்டர். விற்காமல் செத்தால் அவன் என்னோடு வருவான். உங்களுக்கு விற்றால் மறுபடி விருமாண்டி பிள்ளை ஆகிவிடுவான், அது நேராக அங்கே வரும். நாற்பது வருஷம் பிள்ளைகளின் கேள்விகளுக்குப் பதில் சொன்னவள், இதற்குப் பதில் தெரியவில்லை. ரிடீமர் என்ற சொல்லைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். விலை கொடுக்க வேண்டும் என்று இருக்கிறது. எது விலை என்று அது சொல்வதில்லை.

சூடாமணி


பேரையூர்
26 ஏப்ரல் 2025

டீச்சரம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை வாசிக்கச் சொன்னேன். ஒரு தடவை போதும் எனக்கு. ஆனாலும் மாயக்காள் பேசிய இடத்தைக் கேட்க வேண்டும் போல இருந்தது. தங்கப்பொண்ணு அவள் மாதிரியே இழுத்து வாசித்தாள். போதும் என்று நிறுத்திவிட்டேன்.

வெள்ளிக்கிழமை உச்சியில் அவள் என்னைக் கடைக்கு அனுப்புவாள். உப்பு இல்லை, தீப்பெட்டி இல்லை என்பாள். இவ்வளவு உப்பை என்னதான் செய்கிறாள் என்று சத்தம் போட்டிருக்கிறேன். பின்வாசலில் தனியாக நின்று பதில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். அவள் போன பிறகு பதில் சொல்ல ஆள் இல்லை. ஒன்பது வருஷம் வந்து வந்து பார்த்துவிட்டு, கடைசியில் என் வாயைப் பிடுங்கிவிட்டது.

எனக்கு ஒரு வழி தெரிகிறது. நீங்கள் விற்றுவிடுங்கள். விற்ற பிறகு அது இங்கே வந்து, "விருமாண்டி பிள்ள இருக்கா" என்று கேட்கும். பின்வாசலில் நான் உட்கார்ந்திருப்பேன். விலை எது என்று தெரியவில்லை என்று எழுதினீர்கள். அதற்கு முந்தின கடிதத்தில் நீங்களே சொல்லிவிட்டீர்கள், கடவுள் தன்னையே கொடுத்தார் என்று. நான் மறக்கவில்லை. கிழவன் விலைக்கு ஆகுமா என்று கேட்டுப் பார்க்கிறேன்.

ஒரு படி தவிடும் ஒரு சுங்குடிச் சேலையும் பார்சலில் வருகிறது. "சுங்குடி ஆளுக்கே சுங்குடியா, பெரியப்பா?" என்கிறாள் இவள். எனக்குப் பிடித்தது அதுதான். கிடைத்ததும் உங்கள் நிலைப்படியில் நின்று மூன்று தடவை "கொடுத்தேன்" என்று சொல்லிவிட்டு ஒரு வரி எழுதுங்கள். பையனிடம் சொல்ல வேண்டாம். அவன் கிணற்றில் இறங்குகிற மாதிரி இதிலும் இறங்கிவிடுவான்.

விருமாண்டி
(இடது பெருவிரல்)


வில்லாபுரம்
12 மே 2025

விருமாண்டிக்கு,

தவிடு வந்தது. சேலை வந்தது. கொடுத்தேன், கொடுத்தேன், கொடுத்தேன்.

பிள்ளையை நீ எந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுவாய்? எனக்கு மறந்துவிட்டது. எழுது. வெள்ளிக்கிழமை உச்சியில் அவன் எங்கே இருப்பான் என்றும் எழுது.

இங்கே எல்லாரும் நலம். ஹரிராம் நலம். மாயக்காள் நலம். பிள்ளைகள் மூன்றும் நலம். இங்கே வெயில் இல்லை.

சூடாமணி


பேரையூர்
20 மே 2025

டீச்சரம்மா பெயரில் எனக்கு எழுதியவருக்கு,

தங்கப்பொண்ணு 'மாயக்காள் நலம்' வரை வாசித்துவிட்டுக் கடிதத்தைக் கீழே போட்டாள். அதன் மேல் தபால் முத்திரை இல்லை. காலையில் பையைப் பிரித்து அடுக்கும்போது அது இல்லை, மத்தியானம் மேஜையில் இருந்தது என்கிறாள். எழுத்து மட்டும் டீச்சரம்மா எழுத்தேதானாம், சுழி மாறவில்லையாம்.

எனக்கு எழுத்து தெரியாது. அதனால் நீ என்னை ஏமாற்ற முடியாது. டீச்சரம்மா என்னைத் திட்டுகிறபோதும் அண்ணன்தான். ஒருநாளும் 'நீ' என்றதில்லை. அவர் மே ஆறாம் தேதி ஆபரேஷன் முடிந்து இன்னும் கண் திறக்கவில்லை என்று பையன் வந்து அழுதான். வந்துவிட்டது என்று நீ சொன்ன தவிடு, வீடு பூட்டியிருக்கிறது என்று சீட்டு ஒட்டித் திரும்பி வந்து என் மடியில் இருக்கிறது. கட்டுப் பிரிக்கவில்லை.

நீ கேட்ட பெயரைச் சொல்ல மாட்டேன். அவன் எங்கே இருப்பான் என்றும் சொல்ல மாட்டேன். வழி சொல்லி ஒரு தடவை பட்டுவிட்டேன்.

நான் எங்கே இருப்பேன் என்று சொல்கிறேன். வருகிற வெள்ளி, உச்சிப் பொழுது, பின்வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில். கதவு திறந்திருக்கும். டீச்சரம்மா கண் திறக்க வேண்டும், பையனை விட வேண்டும். அதற்கு விலை நான். மாயக்காள் குரலில் கூப்பிடாதே. யார் குரலிலும் வேண்டாம். உன் குரலிலேயே கூப்பிடு. அது எப்படி இருக்கும் என்று கேட்க எனக்கு ஆசையாக இருக்கிறது.

"இத எங்க அனுப்புறது, பெரியப்பா?" என்று கேட்கிறாள் தங்கப்பொண்ணு. பின்வாசல் படியில் வைத்து மேலே ஒரு கல்லை வை என்று சொல்லியிருக்கிறேன்.

விருமாண்டி
(இடது பெருவிரல்)


வில்லாபுரம்
9 ஜூன் 2025

விருமாண்டி அண்ணனுக்கு,

இதைத் தங்கப்பொண்ணு உங்கள் பின்வாசலில் நின்று வாசிப்பாள். உங்களுக்கு யாராவது வாசித்துத்தானே பழக்கம். நீங்கள் சொல்லி எழுதிய கடைசிக் கடிதத்தின் நகலை அவள் எனக்குக் கொடுத்தாள். படியில் வைத்தது காணவில்லை என்றாள். கல் மட்டும் இருந்ததாம்.

மே 23, வெள்ளி. பன்னிரண்டு மணி சுமாருக்கு நான் கண் திறந்தேன். ராகேஷ் கட்டிலோரம் என் கையைப் பிடித்தபடி இருந்தான். நான் பேச முயலும்போது வெளித் தாழ்வாரத்தில் உங்கள் குரல் கேட்டது. உங்கள் செருமல், உங்கள் கனம். "ராகேஷ்... ராகேஷ்..."

அவன் முகம் மலர்ந்தது. "அப்பா வந்திருக்காரும்மா. உங்களப் பாக்க வந்துட்டாரு" என்று எழுந்தான். வாய் திறந்துவிட்டது. என்னால் கையை இறுக்கக்கூட முடியவில்லை. அப்படியே நின்றான். பிறகு மெதுவாக உட்கார்ந்தான்.

"அப்பா என்னய ஒருநாளும் இந்தப் பேரச் சொல்லிக் கூப்பிட்டதில்லயே" என்றான்.

அது இன்னும் ஏழெட்டுத் தடவை கூப்பிட்டது. கடைசியில் ஒவ்வொரு கதவாகப் போய்க் கூப்பிட்டது. பிறகு நின்றுவிட்டது. கால் மணி நேரத்தில் பேரையூரில் இருந்து போன் வந்தது. நாற்காலியில் சாய்ந்தபடி இருந்தீர்களாம், முகத்தில் பயம் இல்லையாம், ஏதோ புதுசாக ஒன்றைக் கேட்டவர் மாதிரி இருந்ததாம். மடியில் இருந்த பையில் கட்டுப் பிரியவில்லை. உள்ளே தவிடு இல்லை. தரையில் ஒரு தூசிகூடச் சிந்தவில்லை.

உங்களை வாங்கிக்கொண்ட பிறகும் அது அவனைத் தேடி வந்தது. பேரத்தில் அதற்கு நேர்மை இல்லை. ஆனால் நீங்கள் உயிரைக் கொடுத்தீர்களே தவிர அந்தப் பெயரைக் கொடுக்கவில்லை. அன்றைக்கு அவனை உட்காரவைத்தது அதுதான். கேடயத்தை உங்கள் படத்துக்குக் கீழே வைக்கச் சொல்லியிருக்கிறேன். ஏன் என்று அவன் கேட்டான். அந்தச் சொல்லின் அர்த்தத்தை அப்போதுதான் சொன்னேன்.

போன வெள்ளி என் வாசலுக்கு வந்தது. இப்போது உங்கள் குரலில் பேசுகிறது. "டீச்சரம்மா, பிள்ள உங்களோடதா?" என்றது. "இல்லை" என்றேன். அது பொய் இல்லை. முந்தின நாள் வியாழக்கிழமை, என் பின்வாசலில், ஒரு படி தவிட்டை வாங்கிக்கொண்டு அவனை விற்றுவிட்டேன். வாங்கியவர் இளையவர், நெஞ்சு நல்ல நெஞ்சு. நான் போனாலும் அவன் என்னோடு வர மாட்டான்.

யார் என்று உங்களிடம் சொல்ல ஆசை. உங்களுக்குப் பிடித்த ஆள்தான். ஆனால் நாம் எழுதுவதை நாம் மட்டும் படிக்கவில்லை. அதனால் தங்கப்பொண்ணுவிடம் ஒன்று சொல்லியிருக்கிறேன்: வாசித்து முடித்ததும் கடிதத்தை மடித்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். யாருக்கு விற்றார்கள் என்று பின்னால் இருந்து கேட்டால், அது நீங்களே கேட்டாலும், பதில் சொல்லக் கூடாது.

சூடாமணி